மண் சுமக்க நாம். கணக்குப் பார்க்க அவர்களா?



கிராமத்தை முன்னேற்றப் போகிறோம் என்று புறப்படுகிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். 'மக்கள் பங்கேற்பு' என்பது அதன் பல்லவி. மேலிருந்து திட்டம் வரக் கூடாதாம். கிராமமே உட்கார்ந்து யோசிக்க வேண்டுமாம். கிராமமே திட்டம் போட்டுக் கிராமமே கை கொடுத்துச் செய்து முடிக்க வேண்டுமாம். உலக வங்கிக்காரர் சொல்கிறார், தொண்டு நிறுவனத்தார் சொல்கிறார், மந்திரி சொல்கிறார், கலெக்டரும் சொல்கிறார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று பழமொழி வேறு.

நல்ல வார்த்தைதான். கிராமத்து ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறை யாருக்கு? ஆனால் ஒரு கேள்வி. 'கிராமம்' என்றால் யார்? ஊர் கூடித் தேர் இழுக்கிறது, சரி. வடம் பிடித்துத் தோள் வீங்குகிறவன் யார்? முதல் மரியாதை வாங்குகிறவன் யார்? தேர் எந்த வீதியில் போகிறது, எந்தத் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது? வடத்தைத் தொடவே எல்லோருக்கும் உரிமை உண்டா என்பதற்குச் சிவகங்கைச் சீமையின் கண்டதேவியில் எத்தனை ஆண்டு வழக்கு, எத்தனை போலீஸ் காவல்!

ஐம்பது ஏக்கர்காரரும் அவருடைய வயலில் இடுப்பொடிய நாற்று நடுகிறவளும் 'கிராமத்தார்' என்ற ஒரே சொல்லில் அடக்கமாகிவிடுகிறார்கள். சொல்லில்தான் அடக்கம். கூலி பேசும்போது அந்த ஒற்றுமை எங்கே போகிறது என்று நடவுக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

பழம்பெருமை பேசுகிறவர்கள் உடனே உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவார்கள். பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே, குடவோலை போட்டு வாரியம் தேர்ந்தெடுத்தோம். உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்தோம் என்பார்கள். கல்வெட்டைக் காட்டுகிறவர்கள் அதைப் படித்துக் காட்டுவதில்லை. அந்தக் குடத்தில் ஒருவன் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவனுக்குக் குடத்தில் ஓலை இல்லை. ஆனால் இன்னொரு விதியும் அதே கல்லில் வெட்டியிருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு லாயக்கில்லை. இந்த ஒரு விதியை மட்டும் இன்றைய பஞ்சாயத்துகளுக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம்!

யாருடைய சிரமம்? யாருக்குத் தானம்?

'மக்கள் பங்கேற்பு' நேற்றுப் பிறந்த சரக்கல்ல. 1952 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, இந்தியா முழுவதிலும் 55 இடங்களில் சமூக நலத் திட்டம் என்று தொடங்கினார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 300 கிராமங்கள், 2 லட்சம் ஜனங்கள். இதற்கு முன்னோடி, 1948இல் உத்தரப் பிரதேசத்து எட்டாவாவில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கர் தொடங்கிய சோதனை. அமெரிக்க சர்க்காரின் உதவியும் வந்தது. ஊழியர் பயிற்சிக்கு ஃபோர்டு பவுண்டேஷன் பணம் கொடுத்தது. சீனத்துக் குடியானவர்கள் நிலப்பிரபுக்களிடமிருந்து நிலத்தை எடுத்துக்கொண்ட செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. கிராமத்தின் மீது அமெரிக்காவுக்கு அத்தனை கரிசனம் ஏன் பிறந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

கிராம சேவக் வந்தார். ஜப்பானிய முறை நடவு, ரசாயன உரம், புகையில்லா அடுப்பு எல்லாம் வந்தன. கூடவே 'சிரமதானம்' வந்தது. சம்பளமில்லாமல் உழைத்து ரோடு போடுவது, குளம் வெட்டுவது. அதற்குத்தான் அன்றைக்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர்.

யாருடைய சிரமம்? யாருக்குத் தானம்? மண்வெட்டி பிடித்தவன் நிலமில்லாதவன். ரோடு முடிந்ததும் அதில் நெல் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் மிராசுதார். குளத்தை ஆழமாக வெட்டியவன் ஒருவன். மடை திறந்தால் தண்ணீர் பாய்வது இன்னொருவர் வயலுக்கு. அன்றாடங்காய்ச்சி ஒரு நாள் மண்ணைத் தானமாகச் சுமந்தால் அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாது. நிலமுள்ளவர் தம் பங்குக்கு என்ன செய்தார்? தொடக்க விழாவில் முதல் மண்வெட்டி போட்டுப் படம் பிடித்துக்கொண்டார்.

இது நம்முடைய கற்பனையா? அந்தத் திட்டத்தை ஆராய சர்க்காரே நியமித்த பல்வந்தராய் மேத்தா கமிட்டி, 1957இல் கொடுத்த அறிக்கையில், ஜனங்களின் சொந்த முயற்சியை இத்திட்டம் தட்டி எழுப்பவில்லை என்று ஒப்புக்கொண்டது. மருந்தாக மூன்றடுக்குப் பஞ்சாயத்தைச் சொன்னது. 1959 அக்டோபர் 2இல் ராஜஸ்தானத்து நாகௌரில் நேரு அதைத் தொடங்கி வைத்தார். நம் ராஜ்யத்தில் அதற்கு முன்பே 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் செய்து, பின்னால் பஞ்சாயத்து யூனியன்கள் அமைத்தார்கள். வைத்தியர் நாடியைச் சரியாகத்தான் பிடித்தார். ஆனால் சீட்டில் நிலம் என்ற மருந்தை மட்டும் எழுதவில்லை.

சமூக நலத் திட்டம் தொடங்கிய அதே 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதை எந்த கிராம சேவக் கொண்டுவந்தார்? சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகக் கீழத் தஞ்சையின் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டார்கள், பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் சேரிக்குள்ளேயே தங்கி, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் சர்க்காருக்குச் சட்டம் செய்யத் தோன்றியது. ஜனங்கள் பங்கேற்றார்கள்! ஆனால் இந்தப் பங்கேற்பு சர்க்கார் அறிக்கையில் ஏறாது.

காலடியில் மண் இல்லாதவன் கை தூக்குவானா?

கிராம சபையில் கை தூக்குவது சின்ன விஷயம் என்று பட்டணத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒருவன் குடியிருக்கிற குடிசை மிராசுதாரின் கொல்லையில் இருக்கிறது. அவன் செய்கிற வேலை அவருடைய வயலில். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவருடைய பெட்டியில். அவரும் அவனும் ஒரே ஜமக்காளத்தில் சமமாக உட்கார்ந்து திட்டம் போடுகிறார்களாம். அவர் ஒரு யோசனை சொல்கிறார். அவன் எதிர்த்துக் கை தூக்கினால் ராத்திரி எங்கே படுப்பான்?

1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்றது. எத்தனையோ கிராம முன்னேற்றத் திட்டங்கள் வந்தன, போயின. அந்தச் சிறு மனை தந்த தைரியத்தில் கால் பங்கைக்கூட அவை கொடுத்ததில்லை. அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்னால், 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலிக்காகவும் சங்கக் கொடிக்காகவும் நின்ற கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே 1996 ஆகஸ்டில் ஜனகீயத் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று வார்டு கிராம சபைகள் உட்கார்ந்து பேசின. உலகமெங்கிலுமிருந்து அறிஞர்கள் வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியப்பட்டவர்களில் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. 1957 மந்திரிசபை நிலச் சட்டத்தில் கை வைத்தது. அந்த மந்திரிசபையையே 1959இல் டில்லி கலைத்தது. ஆனாலும் போராட்டம் ஓயவில்லை. 1970 ஜனவரி முதல் தேதியோடு அங்கே குத்தகை முறை ஒழிந்தது. குடிகிடப்புக்காரனுக்கு மனை கிடைத்தது. அப்படிக் காலடியில் மண் கிடைத்துக் கால் நூற்றாண்டு கழித்து, அவனும் அவன் பிள்ளைகளும் கிராம சபைக்கு வந்தார்கள். அதனால்தான் வாய் திறந்தார்கள். அங்கேயும் எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னாளில் பல வார்டுகளில் சபை என்பது வீடும் மாடும் யாருக்கு என்ற பட்டியல் கூட்டமாகச் சுருங்கிவிட்டது என்று அங்குள்ளவர்களே குறைப்படுகிறார்கள்.

ஆலைத் தோழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் ஒர்க்ஸ் கமிட்டி வைக்க வழி செய்தார்களே! முதலாளி பக்கம் பாதி, தொழிலாளி பக்கம் பாதி. பெயர் பெரிது. குடிதண்ணீர்ப் பானை, கக்கூஸ் கதவு, கேன்டீன் வடையின் அளவு பற்றியெல்லாம் தாராளமாகப் பேசலாம். கதிர் எத்தனை பார்ப்பது, தறி எத்தனை ஓட்டுவது, போனஸ் எவ்வளவு என்று வாயைத் திறந்தால் 'அது இந்தக் கமிட்டியின் வேலையல்ல' என்பார்கள். கிராமத்துப் பங்கேற்பும் அந்தக் கமிட்டியின் ஒன்றுவிட்ட தம்பிதான். தெருவிளக்குக்கு யோசனை சொல்லலாம். புறம்போக்கு யார் வசம் இருக்கிறது, ஏரியில் யார் மண் அள்ளுகிறார், நடவுக்கூலி என்ன என்று கேட்டால் 'அரசியல் பேசாதே, ஊர் ஒற்றுமையைக் கெடுக்காதே' என்று பதில் வரும்.

ஊர் ஒற்றுமை! இந்த ஒற்றுமையின் லட்சணத்தைப் பஞ்சாயத்துத் தேர்தலில் பார்க்க வேண்டும். கோயிலுக்கு யார் அதிகப் பணம் கட்டுகிறாரோ அவருக்கே தலைவர் பதவி என்று ஏலம் விட்டு, 'ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம்' என்று மாலை போட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டல்ல. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று 1996இல் ஒதுக்கியபோது, பத்தாண்டுக் காலம், 2006 வரை, அங்கே ஒழுங்கான தேர்தலே நடக்கவிடவில்லை. மேலவளவில் துணிந்து நின்று ஜெயித்த முருகேசன் என்ன ஆனார்? 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிக்கு அத்தனை ரத்தம். அதிகாரம் இல்லாத நாற்காலிக்காக எவனும் கொலை செய்யமாட்டான். அந்த நாற்காலியின் மதிப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

சட்டத்தில் ஒரு 'லாம்'

பங்கேற்புக்கு ஆளவந்தார்கள் கொடுத்த மரியாதையையும் பார்த்துவிடுவோம். 1993 ஏப்ரல் 24இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. கிராம சபைக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. 29 இனங்களைப் பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கலாம் என்றது. கவனியுங்கள்: 'ஒப்படைக்க வேண்டும்' அல்ல, 'ஒப்படைக்கலாம்'. அந்த 'லாம்' என்ற ஓட்டை வழியாகத்தான் மாநில சர்க்கார்கள் இத்தனை காலமும் தப்பித்து வந்திருக்கின்றன. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவைப் படித்தால் சிரிப்பு வரும்: ஜனங்கள் ஓட்டுப் போட்டு வைத்த தலைவரைக் கலெக்டர் விசாரித்து நீக்கலாம். ஓட்டு நம்முடையது, ரப்பர் அவருடையது.

அதுகூடப் பரவாயில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை மூன்றாண்டுக்கு மேல் தேர்தலே வைக்காமல் தனி அதிகாரிகளை உட்கார வைத்தார்கள். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் சாவி தனி அதிகாரியிடமே போயிற்று. ஆட்சி மாறினாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

நூறு நாள் வேலை விஷயம் இதைவிடக் கசப்பானது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் வேலையைக் கேட்டுப் பெறும் உரிமையாக்கியது. வேலைச் செலவில் பாதிக்குக் குறையாமல் பஞ்சாயத்து மூலம் நடக்க வேண்டும் என்றது. 17ஆவது பிரிவில், கணக்கைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்தது. கூலி தாமதம், ஆள்மாறாட்டம் என்று ஆயிரம் குறை இருந்தாலும், நடவுக்கூலி பேசும்போது நம் பெண்களின் குரலைச் சற்று உயர்த்தியது அந்தச் சட்டம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அதை நீக்கி வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் தருகிறோம் என்று தம்பட்டம். உள்ளே பார்த்தால், விதைப்பு அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க வழி செய்திருக்கிறது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பணம் என்பதை டில்லியே நிர்ணயிக்கும். செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் சுமக்க வேண்டும். நமக்கு வேறு வேலை எப்போது தேவை? கூலி பேசுகிற நேரத்தில்தான். சரியாக அந்த நேரத்தில் கதவைச் சாத்த வழி! பங்கேற்பு, பங்கேற்பு என்று நாள் முழுதும் ஜபிக்கிறவர்களே, இந்த மாற்றத்துக்கு எத்தனை கிராம சபைகளைக் கூட்டிக் கேட்டீர்கள்?

நோட்டைத் திற!

அப்படியானால் கிராம சபை வெறும் கண்துடைப்பு, அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லலாமா? நம் தோழர்களிலேயே சிலர் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது மிராசுதாருக்கு நாமே வழிவிடுகிற வேலை. நாற்காலி காலியாக இருந்தால் அவர் காலை நீட்டிக்கொள்வார்.

ராஜஸ்தானத்தில் நடந்ததைக் கேளுங்கள். பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், 'நீ அவ்வளவு வேலை செய்ததாக ரிக்கார்டு இல்லை' என்றார்கள். 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற பெயரில் அந்தக் கூலிகளும் சிறு விவசாயிகளும் சேர்ந்தார்கள். அந்த ரிக்கார்டைக் காட்டு என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் வெட்டவெளியில் கூட்டம் போட்டு, வருகைப் பட்டியலையும் பில்லையும் ஊராருக்கு உரக்க வாசித்தார்கள். இப்படி நடந்த கூட்டங்களில் வெளிவந்ததென்ன? செத்தவர் பெயரில் கூலி. ஊரிலேயே இல்லாதவர் பெயரில் கூலி. கட்டாத கட்டிடத்துக்குப் பில்! 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005இல் நாடு முழுவதற்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்ததற்கு அந்த மண் சுமந்தவர்கள் பிடித்த பிடிவாதம் பெரிய காரணம். திட்டம் தீட்டச் சொல்லி அவர்கள் யாரையும் கெஞ்சவில்லை. நோட்டைத் திற என்றார்கள்.

கீழத் தஞ்சையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். கிராம சபையில் செலவுக் கணக்கு வாசித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார்.

"ஐயா, எங்க தெருவுக்கு சிமெண்டு ரோடு போட்டதா வாசிச்சீங்க. மழை பெஞ்சா முழங்கால் சேறு. அந்த ரோடு எங்கேங்க?"

"அது வேற தெரும்மா. உட்காரு."

"தெருப் பேரை மறுபடி வாசிங்க."

வாசித்தார்கள். அவர் தெருதான். கூட்டம் சலசலத்தது. எப்படியோ பேசி முடித்து எழுந்து போனார்கள். இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் தொண்டு நிறுவனத்தாரின் பிரசுரத்தில் போடலாம். ஆனால் மறு வாரம் என்ன நடந்தது? நடவுக்கு அந்த அம்மாவை மட்டும் கூப்பிடவில்லை. ரோடு கேட்டவருக்கு வேலை கிடையாது! மற்றப் பெண்கள் கரையிலேயே நின்றார்கள். "அக்கா இல்லாம நாங்களும் இறங்கல" என்றார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். ரோடு அடுத்த பட்டத்துக்குள் வந்தது, அரைகுறையாக. சபையில் அவர் பேசிய பேச்சுக்குக் காவலாக நின்றது வரப்பில் நின்ற அந்தப் பெண்கள்தான்.

ஆகவே சபைக்குப் போகுமுன் நம் தெருவில் கூடுங்கள். ஒன்றிரண்டு தீர்மானங்களை எழுதி, கோரிப் பேசுகிறவர் யார், ஆமோதிக்கிறவர் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கூலி வேலைக்குப் போகிற பெண்கள் முன்னால் உட்காரட்டும். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கோரம். நாம் 60 பேர் எழுந்து வெளியே போனால் கூட்டமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நாமும் தெரிந்து வைத்துக்கொள்வோம். வெற்று நோட்டில் கையெழுத்து வாங்க வருவார்கள், 'வந்ததுக்கு அடையாளம்மா' என்பார்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து, கைநாட்டு எல்லாம்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் கிராம சபை கூடுகிற நாள். ஆலைக்கும் சம்பளத்தோடு விடுமுறை நாள். உங்களில் பாதிப் பேர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி ஷிப்டுக்கு வருகிறவர்கள். உங்கள் கூடப்பிறந்தவர்கள் இன்னும் வயலில் நிற்கிறார்கள். மே தினத்தன்று காலையில் ஆலை வாசலில் கொடியேற்றிவிட்டு, அதே கையோடு ஊருக்குப் போய்ச் சேருங்கள். வரவு செலவு அறிக்கையைப் படித்துக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். மேஸ்திரியின் கணக்கைச் சரிபார்த்துப் பழகியவர்கள். சபைக்கு முந்திய நாளே தலைவரிடமோ தனி அதிகாரியிடமோ அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கூட்டம் 11 மணிக்கு என்றால் 10 மணிக்கே போய்ப் பந்தலில் இடம் பிடித்து உட்காருங்கள்.